வாசற்படிக்கு வலப்பக்கம் முளைத்த நீலப் பூ

துகினாவுக்குத் தெரியாத இலை எங்கள் தெருவில் முளைத்ததில்லை. காலையில் பெசெல் விற்பவள் அவள். கீரையும் காராமணிக்காயும் வேகவைத்து, வேர்க்கடலையும் மிளகாயும் இடித்த சாற்றை மேலே ஊற்றி வாழையிலையில் மடித்துக் கொடுப்பாள். அந்தக் கீரைக்காக அவள் பசுருவான் சந்தைக்குப் போய் யாரும் பார்த்ததில்லை. வாய்க்கால் மேடு, பள்ளிவாசல் பின்புறம், ரயில் பாதையோரம் என்று விடிவதற்குள் ஒரு சுற்றுச் சுற்றி மடி நிறையக் கிள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். "இது என்ன தழை அக்கா, தின்னலாமா?" என்று யாராவது கேட்டால், "தின்னு பாரு, பொழைச்சா தின்னலாம்" என்பாள். அவ்வளவு வாய்.

அந்த வாய் அடைத்துப்போனது கியாந்தோவால். ஒரே பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவோடு பெரிய சண்டை போட்டுவிட்டு, துறைமுகத்துக்குப் போய் ஒரு மீன்பிடிக் கப்பலில் ஏறினான். கப்பல் புயலில் போயிற்று. போனவர்களில் கியாந்தோவின் பெயரும் இருக்கிறது என்று ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். உடம்பு வரவில்லை. உடம்பு வராத சாவை எந்தத் தாய் நம்புவாள்? துகினா நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

புருஷன் மர்த்தோ செங்கல் சூளைக்காரன். அவன் நம்பிவிட்டான். ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள் என்று ஒன்றுவிடாமல் ஊரைக் கூட்டி ஓதினான். கடைசியில் ஆயிரமாவது நாள். அதோடு செத்தவனுக்கும் வீட்டுக்கும் கணக்குத் தீர்ந்தது, அவன் தன் வழியே போகலாம் என்பது எங்கள் வழக்கம். அன்று துகினா அடுப்பங்கரையில் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தாள். ஆட்டுக்குழம்பிலிருந்து அப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு லஸ்மி. ஓதிவிட்டுப் போகிற ஆண்களுக்குச் சோற்றுப் பெட்டி கட்டிக் கையில் கொடுத்ததும் அவள்தான்.

லஸ்மியைப் பற்றிச் சொல்லாமல் துகினாவைப் பற்றிச் சொல்ல முடியாது. லஸ்மியின் சின்னப் பிள்ளை பர்னோவும் கியாந்தோவும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். கியாந்தோ கப்பலேறப் போன அதே வாரம் பர்னோ கலிமந்தானுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குக் கிளம்பினான். அதோடு சரி, வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. நோன்புப் பெருநாளுக்கு மட்டும் ஏதாவது ஒரு நம்பரிலிருந்து மெசேஜ் வரும். "அம்மா, நல்லா இருக்கேன். மன்னிச்சிடு." திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கும். லஸ்மி அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வைவாள்.

"ரெண்டு வரி! பெத்தவளுக்கு ரெண்டு வரி! எவளோ ஒருத்தி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா. வரட்டும் நாய், வெளக்குமாறு பிய்யுற வரைக்கும் சாத்தறேன்!"

துகினா பக்கத்தில் நிற்பது தெரிந்தால் குரலைச் சட்டென்று இறக்கிக்கொள்வாள். ஆனால் துகினாவுக்கு அந்த வசவின் மேலேயே பொறாமை. திட்டுவதற்கு அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறானே!

ஆயிரமாவது நாள் முடிந்து மழை பிடித்தது. ஒரு நாள் விடியற்காலை முகம் கழுவத் தண்ணீர் மொண்டபோது, வாசற்படிக்கு வலப்பக்கம், தண்ணீர்ச் சாலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில், கொத்தாக ஒரு செடி முளைத்திருப்பதைப் பார்த்தாள். இலை மாட்டு நாக்குப் போலச் சொரசொரவென்று இருந்தது. கிள்ளி முகர்ந்தாள். ஒரு நுனியைக் கடித்துத் துப்பினாள். தெரியவில்லை. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. என் வாசலில், என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாத ஒரு தழையா! பிடுங்கி எறியக் குனிந்தாள். அப்போதுதான் எந்த இடம் என்று உறைத்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

அது கியாந்தோவின் நஞ்சுக்கொடி புதைத்த இடம். எங்கள் பக்கத்தில் நஞ்சுக்கொடி என்பது கழிவு இல்லை; கூடப் பிறந்த தம்பி. பிள்ளை பிறந்ததும் அப்பன்காரன் அதைக் கழுவி, உப்போடு மண்சட்டியில் வைத்து, படிக்குப் பக்கத்தில் புதைத்து, மேலே கூடை கவிழ்த்து விளக்கேற்றி வைப்பான். அண்ணன் எங்கே திரிந்தாலும் தம்பி மண்ணுக்குள் இருந்து காவல் காப்பான்.

செடி வளர்ந்து பூத்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னப் பூ. ஐந்து இதழ். நீலம். எங்கள் வெயிலில் அப்படி ஒரு நீலத்தைத் துகினா பார்த்ததே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் லஸ்மியின் கண்ணில் படாமல் அந்தத் தெருவில் ஒரு கோழிகூட முட்டையிட முடியாது.

"ஐயோ அக்கா! தம்பி மேல வந்துட்டான்!"

அவ்வளவுதான், தெரு திரண்டுவிட்டது. அண்ணன் உடம்பு கடலோடு போய்விட்டது, தம்பி வந்து விடை கேட்கிறான் என்றார்கள். தண்ணிக்குள்ள குளிரும் பாவம், அதான் நீலம் என்று ஒருத்தி சொல்ல, நாலு பேர் அழுதார்கள். யாரோ ஒரு கிண்ணம் கடுங்காப்பி வைத்தார்கள். யாரோ ஒரு சிகரெட் வைத்தார்கள். பள்ளிவாசல் பெரியவர் வந்து, "செடியைப் போயி கும்பிடுறீங்களே, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா?" என்று விரட்டினார். விரட்டிவிட்டு அவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அன்றிலிருந்து துகினாவுக்கு அந்தச் சந்தில் ஒரு ஆள் இருக்கிற மாதிரியே இருந்தது. குனிந்து தண்ணீர் மொள்ளும்போது பிடரி சில்லிடும். திரும்பிப் பார்த்தால் செடிதான். ஆனாலும் தண்ணீரை மெதுவாகத்தான் ஊற்றினாள். "நகரு லே, மேல பட்டுடும்" என்று அவளையறியாமல் வாய் சொல்லும். பயந்தாள். அந்தப் பயம் போய்விடுமோ என்றும் பயந்தாள்.

மர்த்தோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். "வெள்ளிக்கிழமை தோண்டப் போறேன். செடியோட, மண்ணோட எடுத்து வெள்ளைத் துணியில சுத்தி, மையவாடியில கொண்டு போயி அடக்கி ஒரு கல்லு நட்டுடறேன்."

"அது என்ன செடின்னே தெரியாம தோண்டுவியா?"

"என்னவா இருந்தா என்னடி? அவனுக்கு ஒரு குழி வேணாமா? எல்லாரும் பெருநாளைக்கு அவங்கவங்க குழியில போயி நிக்கிறாங்க. நான் எங்க போயி நிப்பேன்? சண்டை போட்டு அனுப்பினவன்டி நான்!" என்று மர்த்தோ துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குத் தெரியணும். தெரிஞ்சப்புறம் என்ன வேணா பண்ணு" என்றாள் துகினா. தோண்டி அடக்கிவிட்டால் அவள் பிள்ளை நிஜமாகவே செத்துப்போவான். ஆயிரம் நாள் ஓதியும் சாகாமல் அவள் வைத்திருந்தவன், ஒரு மண்வெட்டிக் கொத்தில் போய்விடுவான். அதுதான் அவளுக்குப் பயம்.

லஸ்மியின் பெரிய மகன் சுகெங் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். படம் பிடித்தால் பேர் சொல்லுமாம். முதல் தடவை ஏதோ வெள்ளைக்காரன் தோட்டத்துப் பூ என்றது. இரண்டாம் தடவை புதினா என்றது. மூன்றாம் தடவை முட்டைக்கோஸ்.

"உன்னை மாதிரியேதான்டா இருக்கு உன் போனும். கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்லாது" என்றாள் லஸ்மி.

துகினா ஒரு கொத்தைக் கிள்ளிக்கொண்டு சந்தையில் நாட்டுமருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம மண்ணு இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நம்ம மண் இல்லையென்றால் எந்த மண்? பயம் இன்னும் கூடத்தான் செய்தது.

சுகெங்குக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் சுலிஸ், தோசாரிக்கும் மேலே மலையூர்க்காரி. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதுப்பெண் என்று லஸ்மி வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். புதன்கிழமை மாமியார் பின்னாலேயே துகினாவின் வாசலுக்கு வந்தவள், செடியையும் அதன் முன்னால் இருந்த காப்பிக் கிண்ணத்தையும் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏண்டி சிரிக்கிற? சாவு வெவகாரம்டி!" என்று லஸ்மி அதட்டினாள்.

"இல்ல அத்தை... இதுக்குப் போயி காப்பி வச்சிருக்கீங்களே! எங்க உருளைக்கெழங்குக் காட்டுல இதை மிதிச்சுக்கிட்டுத்தான் நடப்போம். களை. பேரெல்லாம் ஒண்ணும் கெடையாது."

துகினா அவள் கையைப் பிடித்தாள். "சரியாப் பாத்துச் சொல்லும்மா."

சுலிஸ் உட்கார்ந்து, பூ உதிர்ந்த காம்பு ஒன்றைக் கிள்ளித் துகினாவின் முந்தானையில் வைத்து அழுத்தினாள். நாலு பொடி விதைகள் கவ்விக்கொண்டு நின்றன. உதறினாலும் விழவில்லை.

"பாத்தீங்களா பெரியம்மா? இது காத்துல பறக்காது. துணியில ஒட்டிக்கிட்டுத்தான் ஊரு விட்டு ஊரு போகும். ஆனா இந்தச் சூட்டுல நிக்காது. இன்னும் கொஞ்ச நாள்ல தானே கருகிடும்" என்றவள், செடியின் அடியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "ஆமா, இது ஏன் இப்படிக் கும்பலா மொளைச்சிருக்கு?"

"ஏன், என்ன?"

"நாங்க காட்டுல இருந்து வந்தா வாசல்ல குந்தி, துணியில இருக்கிறதைப் பிச்சுப் பிச்சு ஒரே எடத்துல போடுவோம். அங்கதான் இப்படி மொளைக்கும். யாரோ இங்க ரொம்ப நேரம் குந்தி பிச்சுப் போட்டிருக்காங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே பூத்துடுச்சில்ல? அப்ப நான் கொண்டு வரல."

மலையிலிருந்து கறிகாய் லாரி பெரிய ரோட்டோடு போய்விடும், தெருவுக்குள் வராது. வந்தாலும் எந்த வியாபாரி சாலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்காருவான்? சின்ன வயதில் அப்பா பெல்ட்டைக் கழற்றினால் கியாந்தோ ஓடிப்போய் ஒளிகிற சந்து அது. துகினா படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா!" என்று லஸ்மி அவளைக் கட்டிக்கொண்டு அலறினாள். "உயிரோட இருக்கான் அக்கா! எங்கேயோ கரையேறி மலையில ஒளிஞ்சுக்கிட்டு இருக்கான்! போ, போயி இழுத்துட்டு வா. சுலிஸ், நாளைக்கே கூட்டிட்டுப் போடி உங்க ஊருக்கு!" ஓடிப்போய்த் தன் ஒரே கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து துகினாவின் தோளில் போட்டாள். மர்த்தோ மண்வெட்டியை எடுத்துக் கொட்டகைக்குள் வைத்தான்.

மறுநாள் காலை துகினாவும் சுலிஸும் வேனில் மலையேறினார்கள். புழுக்கம் போய்க் குளிர் வந்தது. குளிர் போய்ப் பனிமூட்டம் வந்தது. பாதை நெடுகிலும் அந்த நீலப் பூ. ஒன்றா இரண்டா! ஊரில் காப்பி வைத்துக் கும்பிட்டதை இங்கே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. சுலிஸ் உள்ளே அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். அவள் அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, "கீழ்நாட்டுப் பையன் ஒருத்தன் இருக்கான், மேல்காட்டு உரக்கொட்டகையில. வாய் தொறக்க மாட்டான். கெழங்கு வெட்டுவான், தூங்குவான். பேரு பர்னோ" என்றார்.

துகினாவுக்கு உள்ளே ஏதோ இடிந்து விழுந்தது. பர்னோ! லஸ்மி பிள்ளை கலிமந்தானில் இல்லை, இங்கேதான் இருக்கிறான். வந்து குந்தினவன் அவன்தான், கூட்டாளிக்காக வந்து அழுதிருக்கிறான். அவ்வளவுதான். நம் பிள்ளை கடலில்தான். போகட்டும், லஸ்மிக்காவது ஒரு நல்ல சேதி கொண்டு போவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மூச்சிரைக்க மேட்டில் ஏறினாள்.

பனிக்குள் ஒரு ஆள் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான். கூடை சரிந்து கிழங்கெல்லாம் உருண்டது. அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

நடை போதும் ஒரு தாய்க்கு. கியாந்தோ.

அவள் கிட்டே போய் முதலில் பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு அந்தக் கன்னத்தையே தடவினாள். சூடாக இருந்தது. உயிர்ச் சூடு. "லே... லே..." என்றாள்.

"கிட்ட வராதம்மா" என்றான் அவன். "நான் செத்தவன். நீங்களே ஓதி முடிச்சிட்டீங்க."

"உன் வாயில மண்ணைப் போட! ஏன்டா பர்னோ பேருல இருக்க?"

அவன் கிழங்குகளையே பார்த்துக்கொண்டு சொன்னான். கப்பலைப் பார்த்ததும் அவன் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டானாம். வழியனுப்ப வந்த பர்னோ சிரித்தானாம். கடல் எப்படி இருக்கும்னு எனக்கும் பாக்கணும்டா, உன் அடையாள அட்டையக் குடு, ஒரே ஒரு நடை போயிட்டு வந்துடறேன், அப்புறம் ரெண்டு பேருமா கலிமந்தான் போவோம் என்றானாம். அட்டையை மாற்றிக்கொண்டார்கள். கியாந்தோ என்ற பேரில் பர்னோ ஏறினான்.

துகினா சுற்றிலும் பார்த்தாள். நல்லவேளை, சுலிஸ் கீழேயே நின்றுவிட்டாள். "அப்ப அந்தப் பெருநாள் மெசேஜ்?"

"நான்தான்."

"பாவி!"

"வேற என்ன பண்ணச் சொல்ற? லஸ்மி சித்தி மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ஆயிரமாவது நாள்ல சொல்லிடலாம்னு தான் வந்தேன். சால் பக்கத்துல குந்தியிருந்தேன். ஓதி முடிஞ்சு எல்லாரும் எழுந்தாங்க. சித்தி இருட்டுல ஆளு தெரியாம, 'யாரு தம்பி, கடைசியில வந்தியா'ன்னு ஒரு பெட்டியை என் கையில திணிச்சாங்க. 'நல்லா சாப்பிட்டு நம்ம கியாந்தோவுக்காக வேண்டிக்க'ன்னாங்க. அந்தச் சோத்தை..." அவன் ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்தான். "அவங்க புள்ளையோட சாவுச் சோத்தை அவங்களே ஆக்கி என் கையில குடுக்கிறாங்கம்மா. நான் வாங்கித் தின்னேன். அன்னையிலருந்து எதைத் தின்னாலும் எனக்கு ருசியே தெரியல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லிடாதம்மா. நான் செத்தவனாவே இருந்துடறேன். அப்பத்தான் அவங்களுக்கு அவன் உயிரோட இருப்பான். நீ எப்பவாவது வந்து என்னைப் பாத்துட்டுப் போ."

இறங்குகிற வேனில் துகினா அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். பொய் சொல்வதற்கு என்ன கஷ்டம்? வெறும் களைதான், எவனோ லாரிக்காரன் குந்தியிருக்கிறான், ஏமாந்து வந்தேன் என்று ஒரு வார்த்தை. அவள் பிள்ளை அவளுக்கு மட்டும் பிழைத்திருப்பான். லஸ்மி பெருநாளுக்குப் பெருநாள் விளக்குமாற்றோடு காத்திருப்பாள். யாருக்கு நஷ்டம்? சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அது லஸ்மியின் சால்வை. அவள் வீட்டு அடுப்புப் புகை மணம் வீசியது.

மையவாடி தாண்டும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. ஏழாம் நாளிலிருந்து ஆயிரமாவது நாள் வரைக்கும் ஓதியதெல்லாம் கியாந்தோ பெயரில். கடலில் கிடக்கிறவன் பர்னோ. அவன் பெயரைச் சொல்லி இந்த ஊரில் ஒருவரும் ஒரு நாளும் கை ஏந்தவில்லை. போகச் சொல்லாமல் அவன் எப்படிப் போவான்? அப்படியானால் தினமும் விடியற்காலையில் பிடரிக்குப் பின்னால் நின்றது யார்? 'நகரு லே' என்று அவள் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்? வேனுக்குள் அவ்வளவு பேர் நடுவிலும் அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. ஐயோ, வீடு வந்தும் வேறு பெயரில் வாசலிலேயே நிற்கிறானே பிள்ளை என்று நினைக்கவும் வாய்விட்டு அழுதுவிட்டாள். பக்கத்தில் இருந்த சுலிஸ், இது பிள்ளை கிடைக்காத அழுகை என்று நினைத்து அவள் முதுகைத் தடவினாள்.

லஸ்மி தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து அங்கேதான் நிற்கிறாளாம்.

"கெடைச்சானா?"

"கெடைச்சான்" என்றாள் துகினா. "உயிரோட இருக்கான்."

லஸ்மி போட்ட சத்தத்தில் காக்காய்கள் கலைந்தன. "சொன்னேன்ல! சொன்னேன்ல! மர்த்தோ அண்ணே, உன் புள்ளை கெடைச்சுட்டான்!" என்று கத்திக்கொண்டே தன் வீட்டு வேலிக்குள் ஓடி, கால் தடுக்கி, எழுந்து, பெருநாளுக்கென்று வளர்த்து வந்த சிவப்புக் கோழியை மூலையில் மடக்கிப் பிடித்தாள். "பர்னோ வந்தா அறுக்கலாம்னு வச்சிருந்தது. போவட்டும், அந்த நாய்க்கு வேற கோழி கெடைக்காமலா போயிடும்! இவனும் எனக்குப் புள்ளைதானே. இன்னைக்கு என் கையாலதான் ஆக்குவேன். நீ பேசாதே அக்கா!"

துகினா சால்வையை எடுத்து மடித்தாள். வேலிப் படலைத் திறந்து உள்ளே போய் லஸ்மி வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். தன் பக்கத்தில் இடத்தைக் கையால் துடைத்தாள்.

"லஸ்மி, கோழியை விடு. இப்படி வந்து உக்காரு."

லஸ்மி கோழியை விடவில்லை. அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டே, முகத்தில் சிரிப்பு மாறாமல், வந்து உட்கார்ந்தாள்.